புகையும் விறகே

1760களில் சுவீடன் அரசுக்கு விறகுக் கவலை பிடித்துக்கொண்டது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை காடாகக் கிடக்கும் நாட்டுக்கு இப்படியொரு கவலை வரக் காரணம் இரும்பு. இரும்பை உருக்கி ஏற்றுமதி செய்து பிழைத்த நாடு அது. உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். அந்த மரத்தையோ, வருடத்தில் பாதி நாள் குளிரில் கிடக்கும் ஊர்கள் வீட்டுக் கணப்பில் போட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தன. குறைந்த விறகில் அறையைச் சூடாக வைத்திருக்கும் அடுப்பு ஒன்றை வடிவமைத்துத் தரும் பொறுப்பு கார்ல் யோஹன் குரோன்ஸ்டெட் என்ற கட்டடக் கலைஞரிடமும் ஃபாபியான் ரேடேயிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1767இல் அவர்கள் கொண்டுவந்த ஓட்டடுப்பு நூறாண்டுகளுக்கு மேல் சுவீடனின் வீடுகளைச் சூடாக்கியது. ஸ்டாக்ஹோமின் பழைய வீடுகளில் இன்றும் அறை மூலையில், கூரையைத் தொடும் உயரத்தில், பளபளக்கும் ஓடு பதித்து நிற்கிறது.

அதற்கு முன்னால் இருந்த திறந்த கணப்பு எவ்வளவு வீண் என்று தெரிந்தால்தான் இந்த அடுப்பின் அருமை புரியும். விறகில் உள்ள வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஏழில் ஒரு பங்குதான் அறைக்குள் தங்கும். மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியே வெளியே போய்விடும். வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று 1.34 கிலோ எடை இருக்கும். புகைபோக்கிக்குள் 200 டிகிரியில் இருக்கும் வாயு கன மீட்டருக்கு 0.75 கிலோதான். ஆறு மீட்டர் உயரப் புகைபோக்கியில் இந்த எடை வித்தியாசம் 35 பாஸ்கல் இழுவையாக மாறும். சதுர மீட்டருக்கு மூன்றரைக் கிலோ என்று சொல்லலாம். கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஆனால் வாய் திறந்த கணப்பில் அந்த இழுவை, தீக்குத் தேவையான காற்றைப்போலப் பல மடங்கை அறையிலிருந்து உறிஞ்சிவிடும். சூடேற்றிய காற்று மேலே போகப் போக, கதவிடுக்கிலும் சன்னலிடுக்கிலும் வெளிக்குளிர் உள்ளே நுழையும். கணப்பின் முன் உட்கார்ந்தவருக்கு முகம் காந்தும், முதுகு விறைக்கும். அடுத்த அறை தீ மூட்டுவதற்கு முன் இருந்ததைவிடக் குளிர்ந்துபோய்க் கிடக்கும்.

இதைச் சரிசெய்யப் பலர் முயன்றார்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களில் இரும்புத் தகடுகளால் ஒரு கணப்பு செய்தார். இங்கிலாந்தில் ரம்ஃபோர்டு கோமான் 1790களில் கணப்பின் ஆழத்தைக் குறைத்து, புகை ஏறும் தொண்டையை ஒடுக்கி நல்ல பலன் கண்டார். இவர்கள் திறந்த வாயை வைத்துக்கொண்டே சீர்திருத்தம் செய்தவர்கள். சுவீடன்காரர்கள் வாய்க்குக் கதவு போட்டார்கள்.

குரோன்ஸ்டெட்டின் அடுப்பில் தீ எரியும் கூடு சிறியது. அதிலிருந்து கிளம்பும் சூடான வாயு நேரே மேலே ஓடிவிட முடியாது. உச்சிவரை ஏறி, இருபுறமும் உள்ள செங்கல் வழிகளில் கீழே இறங்கி, மறுபடி ஏறிய பிறகுதான் புகைபோக்கியைத் தொடும். அந்தச் சுற்றுவழி நெடுகத் தன் வெப்பத்தைச் செங்கல்லிடம் கொடுத்துவிட்டுப் போகும். காலையில் ஓர் அணைப்பு விறகு. அதை அடக்காமல், முழு வேகத்தில் எரிய விடுவார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் எரிந்து முடியும். தணல் அடங்கியதும் புகைவழித் தகட்டைத் தள்ளி அடைத்துவிடுவார்கள். பிறகு செங்கல்லும் ஓடும் அன்று முழுவதும் மெல்ல மெல்ல வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். தகட்டை அடைப்பதில் அவசரம் கூடாது. கங்குகளின் மேல் நீலச் சுவாலை துளி மிச்சமிருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உண்டாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வழியை அடைத்தால் அது அறைக்குள் வரும். நிறமோ வாடையோ இல்லாத அந்த வாயு, தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். விறகடுப்பு உள்ள வீட்டில் இந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று இன்று சொல்வது இதனால்தான்.

வார்ப்பிரும்பு அடுப்புக்கும் ஓட்டடுப்புக்கும் குணம் வேறு. சூடான பரப்பிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சு, அதன் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். 300 டிகிரிக்குச் சூடேறிய கறுப்பு இரும்பு, 20 டிகிரி அறைக்குள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5,500 வாட் வெப்பத்தைக் கதிராக வீசும். 80 டிகிரியில் நிற்கும் ஓட்டுச் சுவர் 450 வாட் அளவுக்கே வீசும். ஆனால் அந்தச் சுவரின் பரப்பு பெரியது. ஆறு சதுர மீட்டர் இருந்தால் மொத்தம் 2,700 வாட். அதைத் தொட்டுச் சூடேறும் காற்று இன்னொரு பங்கைச் சேர்க்கும். இரும்பு சட்டென்று சூடேறி, தீ அணைந்ததும் சட்டென்று ஆறும். ஓடு காலையில் வாங்கியதை இரவுவரை கொடுக்கும். கை வைத்தாலும் உடனே கொப்பளிக்காது. ருஷ்யக் கிராமங்களின் பெரிய செங்கல் அடுப்பின் மேல் முதியவர்களும் குழந்தைகளும் படுத்துத் தூங்கினார்கள் என்றால் அதன் சூடு எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம்.

பிடித்த வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் கதை இது. இதைவிட எனக்கு வியப்பூட்டுவது தீக்குள் நடப்பது.

விறகுக் கட்டையில் தீ பிடித்தால் கட்டை எரிகிறது என்று சொல்கிறோம். கட்டை முதலில் வாயுவாக மாறுகிறது. 100 டிகிரியை ஒட்டி அதிலுள்ள நீர் ஆவியாகும். 200ஐத் தாண்டியதும் செல்லுலோஸ், லிக்னின் முதலிய நீண்ட மூலக்கூறுகள் வெப்பம் தாங்காமல் உடையத் தொடங்கும். அப்போது கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், மெத்தனால், அசிட்டிக் அமிலம், தார் என்று பலதும் ஆவியாகக் கிளம்பும். உலர்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் இப்படி வெளியேற, 20 சதவீதம் கரியாக மிஞ்சும். வெப்பக் கணக்கில் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு அந்த வாயுக்களில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட அடுப்பின் முன் குனிந்து உற்றுப் பார்த்தால் இது தெரியும்: கட்டையின் தோலுக்கும் மஞ்சள் சுவாலையின் அடிக்கும் இடையே விரல் பருமனில் ஓர் இருண்ட இடைவெளி. கட்டையிலிருந்து வரும் வாயு அந்த இடைவெளியைக் கடந்து, காற்றோடு கலந்த பிறகே சுவாலையாகிறது. வாயுவெல்லாம் தீர்ந்து, சுவாலை ஓய்ந்த பிறகு மிஞ்சும் கரி மட்டுமே இருந்த இடத்திலேயே சிவந்து கனன்று எரிகிறது.

அந்த வாயு எரிந்து தீர ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். போதிய காற்று வேண்டும். இரண்டும் நன்றாகக் கலந்து எரிய நேரமும் இடமும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமல் நழுவும். மேலே போகப் போகக் குளிர்ந்து, துளியாகவும் துகளாகவும் திரளும். நாம் புகை என்று பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். ஒரு வீட்டுக் கூரைக்கு மேல் சாம்பல் நிறப் புகை சுருண்டு எழுந்தால், அந்த வீட்டுக்காரர் பாடுபட்டுச் சுமந்து வந்த விறகில் ஒரு பகுதி எரியாமலே போகிறது. நன்றாக எரியும் அடுப்பின் புகைபோக்கி உச்சியில் வெப்பத்தின் அலையாட்டத்தைத் தவிரக் கண்ணுக்கு ஒன்றும் தெரியக் கூடாது. கடுங்குளிரில் வெண்ணிற நீராவி தெரியலாம். அது சிறிது தூரத்தில் கரைந்து மறைந்துவிடும்.

இந்த விஷயம் பலருக்குப் புரியாமல் போன காலம் ஒன்று உண்டு. 1973இல் பெட்ரோலிய விலை ஏறியதும் அமெரிக்காவிலும் கனடாவிலும் லட்சக்கணக்கானோர் காற்றுப் புகாத இரும்பு அடுப்புகளை வாங்கினார்கள். இரவு படுக்கப்போகுமுன் அடுப்பு நிறைய விறகை அடைத்து, காற்றுவழியை ஒடுக்கி வைத்தால் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும் என்பது அதன் கவர்ச்சி. கனன்றது உண்மை. ஆனால் காற்றில்லாமல், சூடில்லாமல் புழுங்கிய விறகின் வாயு அப்படியே புகைபோக்கிக்குள் ஏறி, குளிர்ந்த சுவரில் பட்டுக் கிரியோசோட் என்ற கறுத்த பிசுக்காகப் படிந்தது. அது எரியக்கூடிய பொருள். ஒருநாள் பொறி பட்டுப் புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடித்தால் 1,000 டிகிரியைத் தாண்டும். செங்கல் வெடிக்கும், அதை ஒட்டியிருக்கும் உத்தரம் பற்றிக்கொள்ளும். வீடுகள் எரிந்தன. எரியாத வீடுகளின் புகை ஊர்மேல் தங்கியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988இல் விறகடுப்புகளுக்குப் புகை வரம்பு விதித்தது. நார்வேயில் 1998 முதல் புதிதாக விற்கும் அடுப்புகளுக்கு இதுபோன்ற விதி வந்தது.

விதிக்கு ஈடுகொடுக்க அடுப்பின் உள்ளமைப்பு மாறியது. தீக்கூட்டின் சுவர் முழுக்க வெப்பம் தாங்கும் செங்கல் அல்லது வெர்மிகுலைட் பலகை. கூரையில் குறுக்காக ஒரு தடுப்பு. சூடு வெளியே ஓடாமல் தீயருகிலேயே நிற்கவும், வாயு உடனே தப்பிக்காமல் சற்றுத் தாமதிக்கவும் இந்த ஏற்பாடு. இதைவிட முக்கியம் இரண்டாம் காற்று. அடியிலிருந்து வரும் முதல் காற்று கரியை எரிக்கும். இரண்டாவது காற்று அடுப்பின் முதுகு வழியே ஏறி, வழியிலேயே சூடாகி, மேலே உள்ள குழாய்களின் சிறு துளைகள் வழியே சுவாலைக்கு மேல் பாயும். அடுப்பு நன்றாகச் சூடேறிய பின் அந்தத் துளைகளைப் பாருங்கள்: கட்டைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், சமையலறை காஸ் அடுப்பின் பர்னரைத் தலைகீழாக மாட்டினாற்போல, ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு சுவாலை கீழ்நோக்கித் தொங்கும். எரிவது புகை. வேறு சில அடுப்புகளில் பிளாட்டினம், பலேடியம் பூசிய தேன்கூட்டு வடிவப் பீங்கான் வினையூக்கி வைத்திருப்பார்கள். அதன் மேல் பட்ட வாயு 600 டிகிரிக்குக் காத்திராமல் 260 டிகிரியை ஒட்டியே எரியத் தொடங்கும். இத்தகைய அடுப்புகள் விறகின் வெப்பத்தில் 70 முதல் 80 சதவீதத்தை வீட்டுக்குள் தருகின்றன.

எவ்வளவு நல்ல அடுப்பாக இருந்தாலும் ஈர விறகு அதைத் தோற்கடித்துவிடும். வெட்டியவுடன் விறகின் எடையில் பாதி தண்ணீர். அப்படிப்பட்ட ஒரு கிலோவை எரித்தால் 2.2 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் கிடைக்கும். ஈரம் 20 சதவீதமாகக் குறைந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் தரும். தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம்தான் நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அது அவ்வளவு பெரிய தொகை இல்லை: அரைக் கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட் போதும். உண்மையான கேடு வேறிடத்தில் நடக்கிறது. கொதிக்கும் நீர் தீக்கூட்டின் சூட்டை 600 டிகிரிக்குக் கீழே பிடித்து வைத்துவிடும். அந்த நேரத்தில் கிளம்பும் வாயு எரியாது. வெப்பமும் போகும், கண்ணாடியும் கறுக்கும், புகைபோக்கியில் பிசுக்கும் ஏறும். இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதல் 20 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள விறகைச் சிறு கட்டுகளாக விற்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள்.

மரம் உலர்வதற்கும் ஒரு முறை உண்டு. மரத்துக்குள் நீர் வேரிலிருந்து உச்சிக்கு ஏறிய நுண்குழாய்கள் வழியேதான் எளிதாக வெளியேறும். குறுக்கே கசிவது மிகவும் மெதுவாக நடக்கும். நீளமான உருண்டைக் கட்டையைத் தோலோடு அப்படியே போட்டால் இரண்டு வெட்டுமுகங்கள் வழியாக மட்டுமே அது காய முடியும். வட நாடுகளில் பெரிதும் விரும்பப்படும் பிர்ச் மரத்தின் தோல் நீர் புகாதது. தோலுரிக்காமலும் பிளக்காமலும் போட்டுவைத்த பிர்ச் காய்வதற்குள் உள்ளே மக்கிவிடும். எனவே வெட்டிய உடனே முழ நீளத்துக்கும் குறைவாக அறுத்து, கோடரியால் பிளந்துவிட வேண்டும். தரையில் படாமல் உயர்த்தி, காற்று புகும் இடைவெளி விட்டு அடுக்கி, தலைக்கு மட்டும் மறைப்புப் போட வேண்டும். பக்கங்களையும் தார்ப்பாயால் மூடிக் கட்டினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். நன்றாகக் காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு விரிசல் ஓடியிருக்கும். இரண்டை மோதினால் கணீரென்று கேட்கும். ஈரக் கட்டை மொத்தென்று ஒலிக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தில் ஈரமானியின் இரண்டு ஊசிகளைக் குத்திப் பார்க்கலாம். வெளிமுகத்தில் குத்தினால் பொய்க் கணக்கு காட்டும்.

இந்த அடுக்கும் வேலையை நார்வேக்காரர்கள் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு 2013 பிப்ரவரியில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய விறகு நிகழ்ச்சியே சான்று. பன்னிரண்டு மணி நேரம். பேச்சு முடிந்த பிறகு விடியவிடிய ஒரு கணப்பு எரிவதை நேரலையில் காட்டினார்கள். கட்டையின் பட்டை மேலே பார்க்க அடுக்குவதா, கீழே பார்க்க அடுக்குவதா என்று பார்வையாளர்கள் குறுஞ்செய்தியில் மோதிக்கொண்டார்கள்.

பற்றவைப்பதிலும் பழைய வழக்கம் மாறிவருகிறது. அடியில் சுள்ளியும் மேலே கட்டையும் வைத்துக் கீழிருந்து தீ மூட்டினால், சூடேறாத கட்டைகள் முழுவதும் ஒரே நேரத்தில் புழுங்கிப் புகை கக்கும். கட்டைகளை அடியில் வைத்து, சுள்ளிகளை உச்சியில் குவித்து மேலிருந்து மூட்டினால் தீ கீழ்நோக்கி மெதுவாக இறங்கும். கீழ்க்கட்டையிலிருந்து கிளம்பும் வாயு, மேலே ஏற்கெனவே எரியும் சுவாலையைக் கடந்துதான் போக வேண்டும்; அப்போதே எரிந்துவிடும். புகைபோக்கியும் முதலிலேயே சூடேறி நன்றாக இழுக்கும். செலவில்லாத இந்த மாற்றம் ஒன்றே மூட்டும் நேரத்துப் புகையை வெகுவாகக் குறைக்கிறது.

எரியாத வாயு வீட்டுக்காரருக்கு நஷ்டம் என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். விறகுப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்விடும். அவற்றோடு ஒட்டிச் செல்லும் பென்சோபைரீன் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகளுக்கான ஆண்டு வரம்பைக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமாக இறக்கியது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்று ஒரு சிற்றூர். நாற்புறமும் மலை. குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழே தங்கும். வெதுவெதுப்பான காற்று மேலே மூடிபோட்டு நிற்கும். புகை மேலே போக வழியில்லை. அங்கிருந்த வெர்மிகுலைட் சுரங்கத்திலிருந்து வந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் அந்த ஊர்க்காரர்களின் நுரையீரல் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தது; அதற்கு மேல் இது. குளிர்கால நுண்துகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வீட்டு விறகடுப்புகளிலிருந்து வருகிறது என்று ஆய்வில் தெரிந்தது. 2005 முதல் 2007வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய அடுப்புகளை அகற்றிப் புதியவை பொருத்தினார்கள். அடுத்த குளிர்காலங்களில் ஊர்க்காற்றின் நுண்துகள் முப்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு குறைந்ததாகப் பெற்றோர் தெரிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஆய்வகத்தில் இந்தப் புதிய அடுப்புகள் காட்டும் குறைவு இதைவிட மிக அதிகம். சில வீடுகளுக்குள் புகை குறையவே இல்லை. ஆய்வகத்தில் அளந்து உலர்த்திய கட்டையை, தெரிந்தவர் கை எரிக்கிறது. வீட்டில் போன வாரம் வெட்டிய கட்டையை, வேலை முடிந்து களைத்து வந்தவர் எரிக்கிறார். கதவைத் திறந்து விறகு போடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புகை அறைக்குள்ளும் வரும்.

மரம் மறுபடி வளரும், ஆகவே விறகால் புவி சூடாகாது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்தில் எரிந்த மரத்தின் கரியமில வாயுவை இன்னொரு மரம் திரும்ப எடுத்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும். காற்றில் விழுந்த கிளையையும் மரஅறுவை ஆலையின் கழிவையும் எரிப்பது ஒரு கணக்கு. நிற்கும் காட்டை வெட்டி எரிப்பது வேறு கணக்கு.

காட்டுக்கு நடுவில், அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருக்கும் இடத்தில், உலர்ந்த விறகும் நல்ல அடுப்பும் உள்ளவரை நான் குறை சொல்ல மாட்டேன். நெருங்கிய வீடுகள் கொண்ட நகரத்தில் அன்றாடச் சூட்டுக்கு விறகை எரிப்பது, என்ன அடுப்பாக இருந்தாலும், அண்டை வீட்டுக் குழந்தையின் மூச்சில் கை வைப்பதுதான். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பிடித்த ஊர் என்று மான்ட்ரியாலைச் சொல்வேன். 1998 ஜனவரியில் அங்கே நாள்கணக்கில் பெய்த உறைமழை, மின்கம்பிகளில் பனிக்கட்டியாகப் படிந்து கோபுரங்களையே சாய்த்தது. கியூபெக் மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. சில இடங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மின்சாரத்தால் சூடேறிய வீடுகள் குளிர்ந்து உறைய, விறகடுப்பு வைத்திருந்த வீடுகளில் அக்கம்பக்கத்தார் வந்து தங்கினார்கள். அந்த நினைவு அழியாத நகரம், 2018 அக்டோபர் முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் விடும் அடுப்புகளையும் கணப்புகளையும் பயன்படுத்தத் தடை விதித்தது. புகைமூட்ட எச்சரிக்கை விடுத்த நாளில் சான்று பெற்ற அடுப்பையும் மூட்டக் கூடாது. ஒரே விலக்கு: மின்சாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தடைப்பட்டால் எந்த அடுப்பையும் எரிக்கலாம்.

மின்தடை முன்னறிவித்து வருவதில்லை; பிர்ச் உலர ஒரு முழுக் கோடை வேண்டும், ஓக் போன்ற கடின மரத்துக்கு இரண்டு வருடம்கூடப் பிடிக்கும். அந்த விலக்கைப் பயன்படுத்த நினைப்பவர் இந்தக் குளிர்காலத்துக்கான விறகைப் போன வசந்தத்திலேயே பிளந்து அடுக்கியிருக்க வேண்டும், புகைபோக்கியையும் இலையுதிர் காலத்திலேயே துடைத்து வைத்திருக்க வேண்டும்.